மலையில் வரலாறு நடத்தும் ஆசிரியருக்கு

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் ‘ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராகத் தமிழகத்தில் நிகழ்ந்த தொடக்ககாலக் கிளர்ச்சிகள்’ என்று ஒரு பாடம் உண்டு. பூலித்தேவர், வேலு நாச்சியார், கட்டபொம்மன், மருது பாண்டியர், வேலூர்ப் புரட்சி என்று போகும். நீலகிரி மாவட்டத்தில் கோத்தகிரியிலோ கூடலூரிலோ இதை நடத்தினால் பிள்ளைகள் நன்றாகவே கேட்டுக்கொள்வார்கள், பரீட்சையில் எழுதியும் விடுவார்கள். ஆனால் நெற்கட்டும்செவலும் சிவகங்கையும் அவர்களுக்குக் ‘கீழே’ இருக்கிற ஊர்கள். தமிழக வரலாறு முழுக்கவே கீழேதான் நடந்தது, இங்கே தேயிலையும் பூங்காவும் மட்டும்தான் என்ற எண்ணம் பத்தாம் வகுப்பு முடிவதற்குள் உறைந்துவிடுகிறது. அதை உடைப்பதுதான் மலையில் வேலை பார்க்கும் வரலாற்று ஆசிரியரின் முதல் வேலை.

அந்த வேலைக்குச் சரக்கு சேர்க்க ஆரம்பித்தால், பயிற்சி, கருத்தரங்கு, மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் கருத்தாளர் பணி, விருது எல்லாவற்றுக்கும் வழி அதிலிருந்தே பிறக்கிறது. கீழடியைப் பற்றிப் பேச மதுரையிலும் சென்னையிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தன் ஊரில் பலகைக் கற்களை நிறுத்தி மேலே கல் மூடிய பழைய கல்திட்டையை அளந்து, படமெடுத்து, ஊர்ப் பெரியவரிடம் கேட்டதையும் எழுதி ஒரே கோப்பில் வைத்திருக்கும் ஆசிரியர் மிகக் குறைவு. கூப்பிடுகிறவர்கள் அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

முதலில் படிக்க வேண்டியவை. நீலகிரிக்கு மூன்று பழைய நூல்கள் அடிப்படை. மாவட்டத்தின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் தொல்குடிகளையும் நினைவுச்சின்னங்களையும் பற்றி எழுதியது (1873), கிரிக் எழுதிய மாவட்டக் கையேடு (1880), பிரான்சிஸ் எழுதிய மாவட்ட விவரத் தொகுப்பான கெசட்டியர் (1908). மூன்றும் ஆங்கிலம், மூன்றும் பதிப்புரிமை முடிந்தவை, இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தமிழ் நூல்களும் பழைய இதழ்களும் குவிந்து கிடக்கின்றன. அதே கழகத்தின் ‘தகவலாற்றுப்படை’ தளத்தில் நடுகல், கல்வெட்டு, கோயில், தொல்லியல் இடங்கள் தனித்தனியாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. கீழ்க்கோத்தகிரிப் பக்கமும் மசினகுடிப் பக்கமும் பள்ளியில் சிக்னலை நம்பி உட்கார்ந்தால் ஒரு பக்கம் திறக்க ஒரு பீரியட் போய்விடும். ஊட்டியிலோ குன்னூரிலோ இருக்கும்போது மொத்தமாக இறக்கி பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நூல்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்தக் கால வெள்ளை அதிகாரிகள் மலை மக்களைக் குறிக்கப் பயன்படுத்திய சொற்களை வகுப்பில் அப்படியே வாசிக்கக் கூடாது. உங்கள் முன்னால் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கும். ஆண்டு, ஊர்ப் பெயர், நில அளவு, வரி, விலை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மக்களின் குணத்தைப் பற்றிய வரிகளை விட்டுவிடுங்கள்.

ஆண்டுகளில் தவறு நிறைய நடக்கிறது. வினாத்தாளிலேயே தவறாக வந்துவிடுவதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் முதலில் மலையேறி வந்தது 1819இல். ஊட்டியில் கல் பங்களா கட்டத் தொடங்கியது அதற்குப் பின்னால், 1822இல். அவருக்கு முன்பே, 1603இல், பெனீசியோ என்ற ஏசுசபைப் பாதிரியார் தோடர்களைச் சந்தித்து எழுதி வைத்திருக்கிறார். அதனால் ‘நீலகிரியைக் கண்டுபிடித்தவர் சல்லிவன்’ என்ற வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதாதீர்கள். மக்கள் வாழ்ந்துகொண்டிருந்த மலையை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நீலகிரி கோயம்புத்தூரிலிருந்து பிரிந்து கமிஷனரின் கீழ் வந்தது 1868இல். கூடலூர் இருக்கிற தென்கிழக்கு வயநாடு மலபாரிலிருந்து நீலகிரியோடு சேர்ந்தது 1877இல். கூடலூரில் இன்றும் நிலப் பிரச்சினை பேச்சில் ‘ஜென்மம்’ (மலபார் வழிப் பரம்பரை நில உடைமை) என்ற சொல் வருவதற்கும், 1969இல் அதற்கென்று தனிச் சட்டம் வந்ததற்கும் வேர் அந்த மலபார்த் தொடர்பில்தான் இருக்கிறது. மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு வந்தது 1899இல், ஊட்டியைத் தொட்டது 1908இல். யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது 2005இல். 1999 டார்ஜிலிங் மலை ரயில் அந்தப் பட்டியலில் சேர்ந்த ஆண்டு.

நீலகிரி மக்களைப் பற்றிய பழைய கல்வெட்டுச் சான்று நம் மாவட்டத்தில் இல்லை. கர்நாடகத்துச் சாமராஜநகரில் இருக்கிறது. 1117ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்தனனின் தளபதி புணிசன் தோடரை அச்சுறுத்தினான் என்று சொல்கிறது. ஹொய்சளர் பாடம் நடத்தும் நாளில் இந்த ஒரு வரியைச் சொல்லிப் பாருங்கள், பின் வரிசை நிமிர்ந்து உட்காரும்.

இனி களம். ஒன்பதாம் வகுப்பு முதல் பாடத்திலேயே கல்திட்டை, கல்வட்டம், நடுகல் எல்லாம் வந்துவிடுகின்றன. கோத்தகிரி பனகுடி சோலை, குன்னூர்ப் பக்கம் மேலூர் ஆகிய இடங்களில் சிற்பம் செதுக்கிய கல்திட்டைகள் உள்ளன. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. கல்திட்டை என்ற பெயரைப் பார்த்ததும் ‘பெருங்கற்காலம், மூவாயிரம் ஆண்டு’ என்று எழுதிவிடுகிறார்கள். பலகைக் கல்லில் வீரன், மாடு, அடுக்கடுக்கான சிற்பங்கள் இருந்தால் அது நடுகல் மரபு, மிகவும் பிற்காலத்தது. சிற்பம் இல்லாத வெற்றுக் கல்லறைகளையும் இவற்றையும் ஒரே பட்டியலில் போட்டால், கருத்தரங்கில் முதல் கேள்வியிலேயே கட்டுரை சரிந்துவிடும்.

படம் எடுக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல நல்ல கோப்புகள் கெட்டுப்போவது இதில்தான். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் தேய்ந்த சிற்பம் தெரியவே தெரியாது. மாலை மங்கிய பிறகோ, பகலானால் குடையோ கறுப்புத் துணியோ பிடித்து நிழல் உண்டாக்கியோ எடுக்க வேண்டும். போனை ஸ்டாண்டில் நகராமல் நிறுத்துங்கள். டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கல்லை உரசுகிற மாதிரி சாய்த்துப் பிடியுங்கள். இடமிருந்து, வலமிருந்து, மேலிருந்து, கீழிருந்து என்று நான்கு படம். ஒவ்வொரு திசையிலும் வேறு வேறு கோடுகள் எழுந்து வரும். இடப்பக்க வெளிச்சத்தில் காணாமல் போன வாள் மேல் வெளிச்சத்தில் தெரியும். கல்லை ஒட்டி ஓர் அளவுகோல் கட்டாயம் இருக்க வேண்டும். மனிதரை நிறுத்தி உயரம் காட்டுவது பத்திரிகைக்குச் சரி, பதிவுக்கு உதவாது. பிறகு நாடா பிடித்து உயரம், அகலம், தடிமன் மூன்றையும் சென்டிமீட்டரில் எழுதுங்கள். கல் எந்தத் திசை பார்க்கிறது என்பதையும் எழுதுங்கள்.

கோடு தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ், மைதா, திருநீறு, எண்ணெய் எதையும் பூசாதீர்கள். மாவும் எண்ணெயும் இந்த ஈரத்தில் பூஞ்சையை வளர்க்கும். சாக்பீஸ் கோடு அதைவிட மோசம்: போட்டவர் கல்லில் எதைக் கண்டதாக நினைத்தாரோ அதைத்தான் பிறகு வருகிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். பாசியைக் கம்பி பிரஷால் சுரண்டினால் பாசியோடு எழுத்தும் போகும். மென்மையான பிரஷும் வெறும் தண்ணீரும் போதும்.

கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதைத் தொல்லியல் துறைப் பயிற்சியில் கற்றுக்கொள்ளுங்கள், யூடியூப் பார்த்து இறங்காதீர்கள். கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷால் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, கரி மையை ஒற்றுத் துணியால் ஒற்றி, காய்ந்ததும் உரிப்பார்கள். கீழே சீக்கிரம் காய்வது இங்கே மூடுபனியில் காயாமல் நின்று, உரிக்கும்போது கிழியும். ஜனவரி முதல் மார்ச் வரை, முற்பகல் வெயிலில் மட்டும் முயலலாம். எந்தக் களப் பணிக்குமே அந்த மூன்று மாதம்தான் ஏற்றது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், ஊட்டிப் பக்கம் தென்மேற்கு மழை. அக்டோபருக்குப் பிறகு குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை, மண்சரிவு.

வனத்துக்குள் இருக்கும் இடத்துக்கு எழுத்து மூலமான வனத்துறை அனுமதி இல்லாமல் மாணவரை அழைத்துப் போகவே கூடாது. கீழ்க்கோத்தகிரியில் கரிக்கையூர்ப் பாறை ஓவியம் அப்படிப்பட்ட இடம். அங்கே இருளர் ஊரைக் கடந்துதான் போக வேண்டும். ஊர்க்காரர் ஒருவர் முன்னே நடந்தால்தான் பாதுகாப்பு, அவருக்குரிய கூலியையும் கொடுங்கள். வழிபாடு நடக்கும் கல்லானால் செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டுவிட்டுப் படமெடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை உங்கள் கோப்பில் மட்டும் எழுதி வையுங்கள். ஃபேஸ்புக்கில் போட்டால் அடுத்த மாதம் புதையல் தோண்டுகிறவர்கள் வந்து நிற்பார்கள்.

தோட்டத்தில் கொத்தும்போது கிடைத்தது என்று ஒரு பையன் பழங்காசோ பானையோ கொண்டுவந்தால், வாங்கிப் பள்ளி அலமாரியில் வைத்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. அது சட்டச் சிக்கல். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். படமெடுத்து, கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் எழுதிக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியருக்கு எழுதுங்கள், எச்எம் கையெழுத்தோடு. அந்தக் கடிதத்தின் நகலும் உங்கள் கோப்பில் ஓர் ஆவணம்தான்.

கல்லைவிடப் பெரிய செல்வம் பிள்ளைகளின் வீட்டில் இருக்கிறது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர்ப் பள்ளிகளில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளைகள் நிறைய. 1948இல் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய இலங்கையின் குடியுரிமைச் சட்டம், 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். அந்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும், 1,50,000 பேரின் கதி அப்போது முடிவாகவில்லை. 1974இல் இந்திரா–சிறிமாவோ ஒப்பந்தம் அவர்களைப் பாதிக்குப் பாதி பிரித்தது. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தரவே டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன; 1968இல் அரசுத் துறைத் திட்டமாகத் தொடங்கி, 1976இல் கழகமானது.

பல வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள், தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டை இன்னும் இருக்கும். மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகிப் போன அட்டை. குடும்பத் தலைவர் பெயர், உடன் வந்தவர்கள் பெயர், வயது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம் வழியாக வந்த கதையைப் பாட்டி சொல்லும்போது பேத்தி அந்தப் பெயர்களை விரல் வைத்துப் படிப்பாள். சமகாலத் தமிழக வரலாற்றில் இதைவிட நேரடியான முதன்மைச் சான்று எந்தப் பாடநூலிலும் இல்லை. அட்டையை வாங்கிக்கொண்டு வராதீர்கள். அவர்கள் வீட்டிலேயே வைத்து, அனுமதி கேட்டு, ஒரு படம். எண்ணும் முகவரியும் தெரியும் படத்தை வகுப்பு வாட்ஸ்அப்பில் விடவே கூடாது. அந்த அட்டை இன்றும் அவர்களுக்குச் சான்றிதழுக்கும் சலுகைக்கும் தேவைப்படுகிறது.

பேச்சைப் பதிவு செய்யும்போது போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். தகரக் கூரை வீட்டில் மழை நாளில் பதிவு செய்தால் மழை மட்டும்தான் கேட்கும். ஒரு தடவைக்கு நாற்பது நிமிடம் போதும், அதற்கு மேல் பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். ‘எந்த வருஷம்?’ என்று கேட்டால் பதில் வராது. ‘அந்தப் பெரிய மண்சரிவுக்கு முன்னாலயா, பின்னாலயா?’ என்று கேளுங்கள். 1978, 79 மழையும் 2009 நவம்பர்ச் சரிவும் இந்த மலையில் எல்லோருக்கும் நினைவுக்கல். கோப்புக்கு நாள், ஊர், வரிசை எண் சேர்த்துப் பெயர் வைத்து, மூன்று இடத்தில் நகல் வையுங்கள். போன் தொலைந்து, இறந்துபோன பாட்டியின் ஒரே பதிவும் தொலைந்தால் அந்த நட்டத்துக்கு ஈடே இல்லை.

ஊட்டியிலேயே பார்க்க வேண்டியவை: முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகம், மைசூர் சாலையில் அரசு அருங்காட்சியகம். கோத்தகிரி கண்ணேரிமுக்கில் சல்லிவனின் பெத்தக்கல் பங்களா. ஊட்டியில் 1829இல் அடிக்கல் நாட்டிய புனித ஸ்டீபன் தேவாலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து யானை இழுத்து வந்தவை என்பார்கள். மைசூர்ப் போர்ப் பாடத்துக்கு அதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. மாணவரோடு போவதென்றால் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். ஏப்ரல், மே சீசனில் போகாதீர்கள், பஸ் நகராது. பழனி மலைப் பக்கம் இருப்பவர்களுக்குச் செண்பகனூரில் ஏசுசபையினரின் அருங்காட்சியகமும், தாண்டிக்குடி, பேத்துப்பாறைக் கல்திட்டைகளும் இதே மாதிரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பிரீக்ஸ் இங்கே தோண்டி எடுத்த மண் உருவங்களும் வெண்கலக் கிண்ணங்களும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. சென்னை போனால் அரை நாள் ஒதுக்குங்கள்.

மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை. எழும்பூரில்தான் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கிறது. பள்ளியிலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ அறிமுகக் கடிதம், அடையாள அட்டை, பென்சில். பேனாவை உள்ளே எடுத்துப் போக நினைக்காதீர்கள். ‘நீலகிரி பற்றி எல்லாம் வேண்டும்’ என்று கேட்டால் ஒரு நாள் வீண். பழைய வருவாய் வாரியத்தின் நடவடிக்கைப் பதிவுகளில் எந்த ஆண்டு, எந்தப் பொருள் என்று கெசட்டியரின் அடிக்குறிப்பிலிருந்து முன்பே குறித்துக்கொண்டு போய்க் கோரிக்கைச் சீட்டு எழுதுங்கள். காப்பகத்தோடு இணைந்த தமிழ்நாடு வரலாற்று ஆராய்ச்சி மன்றம் ஆய்வு உதவித்தொகையும் அறிவிக்கும். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அட்டவணையை வீட்டிலிருந்தே இணையத்தில் தேடிவிட்டுப் போகலாம்.

கட்டுரைக்கு இடம் தேடுகிறவர்கள் தமிழ்நாடு வரலாற்றுப் பேரவை, தென்னிந்திய வரலாற்றுப் பேரவை இரண்டிலும் உறுப்பினராகுங்கள். பள்ளி ஆசிரியர் என்பதற்காக யாரும் தள்ளி வைப்பதில்லை. ஆண்டுக் கூட்டத்துக்குச் சுருக்கம் அனுப்பும் தேதியைத் தவறவிடுவதுதான் வழக்கமான தோல்வி. இரண்டாவது தோல்வி தலைப்பு. ‘நீலகிரி வரலாறு’ என்று அனுப்பினால் பாடநூல் சுருக்கமாகத்தான் முடியும். ‘மேலூர்க் கல்திட்டைச் சிற்பங்களில் ஆயுதங்கள்’ என்றால் பத்துப் பக்கத்தில் புதிதாக ஏதாவது சொல்லியே ஆக வேண்டும். புதிதாகக் கண்ட நடுகல், கல்வெட்டு என்றால் தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழும், தொல்லியல் துறையின் ‘கல்வெட்டு’ காலாண்டிதழும் சரியான இடங்கள்.

துறைக்குள் உள்ள வழி வேறு. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் நடத்தும் செயலாராய்ச்சியில் ஒன்றைச் செய்து முடியுங்கள். கருத்தாளர், வினா வங்கி, மணற்கேணி செயலியின் பாடக் காணொலி, பாடநூல் குழு ஆகியவற்றுக்கு மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் ஆள் கேட்கும்போது மாவட்டத்தில் கைக்கு எட்டுகிற பெயர்தான் போகும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் இருபது நிமிடம் உங்கள் கோப்பைக் காட்டியிருந்தால் பெயர் கைக்கு எட்டும். மத்திய அரசின் பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் 1979 முதல் ஆசிரியர்களுக்குப் புத்தொளிப் பயிற்சி நடத்துகிறது. மாநிலக் கல்வித் துறை பெயர் அனுப்ப வேண்டும், அதனால் விருப்பத்தை எழுத்தில் முதன்மைக் கல்வி அலுவலருக்கு முன்பே கொடுத்து வையுங்கள். தேசிய நல்லாசிரியர் விருதுக்கு ஆசிரியரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அங்கே கேட்பது சான்று, சான்று, சான்றுதான்.

வேலை தேடுகிறவர்களுக்குச் சுருக்கமாக: முதுகலை ஆசிரியர் தேர்வில் 150 மதிப்பெண்ணில் பாடம் 110, கல்வி முறையியல் 30, பொது அறிவு 10. தனியாகக் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள் 50 மதிப்பெண், 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள். ஆசிரியர் தகுதித் தேர்வு இரண்டாம் தாளில் சமூக அறிவியலுக்கு 150இல் 60. 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, எட்டாம் வகுப்பு வரை நடத்தும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியரும் இந்தத் தகுதித் தேர்வை ஒத்திப்போட முடியாது.

விடுப்பு விஷயத்தில் கவனம். துறை அழைக்கும் பயிற்சிக்கு ஓடி (பணியில் இருந்ததாகக் கணக்கிடும் அனுமதி) உண்டு. வரலாற்றுப் பேரவைக் கூட்டத்துக்கு ஆணை கையில் இல்லாமல் ஓடி கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வருடத்துக்குப் பன்னிரண்டு தற்செயல் விடுப்பில் (சிஎல்) மூன்றை அதற்கென்று ஒதுக்குங்கள். பகுதிநேர முனைவர் பட்டத்துக்குச் சேரும் முன்பே உரிய வழியாக அனுமதி வாங்குங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் பணிப்பதிவேட்டில் ஏறாது. உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வு 2020இல் நிறுத்தப்பட்டதால், அதை மட்டும் எண்ணிச் சேராதீர்கள்.

நாட்காட்டியில் குறித்துக்கொள்ள மூன்று: ஏப்ரல் 18 உலக மரபு நாள், ஜூலை 18 தமிழ்நாடு நாள், நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். ஏப்ரலில் பள்ளி பரீட்சையில் மூழ்கியிருக்கும், நவம்பரில் மழை. ஜூலை 18க்கு மாவட்ட அளவில் பேச்சு, கட்டுரைப் போட்டி வரும். ஜூன் முதல் வாரமே இரண்டு பிள்ளைகளைத் தேர்ந்து, ஒருவருக்குக் குடும்ப அட்டையையும் ஒருவருக்கு ஊர்க் கல்லையும் கொடுத்து ஆரம்பித்துவிடுங்கள்.